பட்டன் சொல்லித்தர ஆளு நிறைய, ஷாட்ட பாத்து தப்பு சொல்லத்தான் ஆளு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் களியக்காவிளை பக்கம் ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருக்கேன். போன வாரம் உங்க கல்வி இணைப்புல அனிமேஷன் படிப்பு பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. நல்ல விஷயம், எங்க பக்கத்துல இத ஒரு படிப்பாவே யாரும் நெனைக்கிறதில்ல, நர்சிங், இஞ்சினியரிங், ரெண்டும் இல்லன்னா கல்ஃப், அவ்வளவுதான் இங்க லிஸ்ட்டு. ஆனா அந்த பக்கத்துல எந்த சாஃப்ட்வேர், எத்தன மாசம், ஏசி லேப் உண்டா, பிளேஸ்மென்ட் உண்டா, எல்லாம் இருந்துச்சு, யாரு சொல்லித்தராங்கங்கறது மட்டும் ஒரு வரி கூட இல்ல. அதுக்குத்தான் இந்த கடிதம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

பரீட்ச ரிசல்ட் வந்ததும் ஒவ்வொரு வருஷமும் யாராவது பெத்தவங்க வந்து நிப்பாங்க, "டீச்சர், பிள்ள நல்லா படம் வரையுது, அனிமேஷன்ல சேத்துவிடவா"ன்னு. எங்க தெருப்பிள்ள ஒருத்தி அப்படித்தான் ஒரு சென்டர்ல சேந்தா, எந்த சென்டர்னு பேரு வேண்டாம். ஒரு வருஷ கோர்ஸ், அதுக்குள்ள போட்டோ எடிட்டிங், வீடியோ எடிட்டிங், கம்ப்யூட்டர்ல பொம்ம உருவாக்குற மாடலிங், டெக்ஸ்ச்சர், லைட்டிங், சினிமா காட்சிக்கு கம்ப்யூட்டர் வித்தை சேக்குற விஎஃப்எக்ஸ்னு எல்லாத்துலயும் ஒரு வாய், கேரக்டர் அனிமேஷன் கடைசில ரெண்டு மூணு வாரம். சொல்லிக்கொடுத்த பையன் முந்தின வருஷம் அதே சென்டர்ல படிச்சு முடிச்சவன், அவன குத்தம் சொல்லல, வெளில வேல கிடைக்காம அங்கயே தங்கிட்டான் பாவம். அவன் யூட்யூப்ல பொம்மைய நடக்க வைக்கிற ஒரு வாக் சைக்கிள் வீடியோவ போட்டு இத பாத்து அப்படியே செய்யுங்கன்னான், பிள்ளைங்களும் செஞ்சாங்க, கடைசில அந்த பேட்ச்ல இருந்த அத்தன பேரோட ஷோரீல்லயும், அதாவது வேல கேக்க காட்டுற வீடியோ தொகுப்புலயும், ஒரே பொம்ம, ஒரே நட. அந்த பொம்மையும் இன்டர்நெட்ல சும்மா கிடைக்கிற ரிக்குதான், அசைக்கிறதுக்கு ரெடியா செஞ்சு வச்ச பொம்ம. ஷோரீல் பாத்து ஆள் எடுக்குறவங்க தினம் இந்த பொம்மைய பாத்துப்பாத்து சலிச்சுப்போயிருப்பாங்க. பிள்ள இப்ப ஒரு பிளக்ஸ் கடைல கல்யாண பேனர் டிசைன் பண்ணுது. அதுவும் வேலதான், ஆனா அதுக்கா அவ்வளவு பணம் கட்டுனாங்க?

கேரக்டர் அனிமேஷன்னா என்னன்னே இங்க பல பேருக்கு தெரியல, பெத்தவங்கள விடுங்க, நடத்துறவங்களுக்கே தெரியல. அது கம்ப்யூட்டர் படிப்பு இல்ல சார், அது நடிப்பு. ஒரு பொம்ம யோசிக்குது, தயங்குது, பாரம் தாங்குதுன்னு பாக்குறவங்கள நம்ப வைக்கிற வேல. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி படம், அந்த 24ல எந்த ஃப்ரேம்ல கண்ணு திரும்பணும், எந்த ஃப்ரேம்ல தல திரும்பணும்ங்கறதுலதான் உயிரே இருக்கு. டிஸ்னில ஆயுசு முழுக்க வேல பாத்த ஃப்ராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன்னு ரெண்டு பேரு இதுக்கு 12 விதி எழுதி 1981ல புத்தகமா போட்டாங்க, அந்த 12ம் இப்ப எந்த பிள்ளைய கேட்டாலும் கடகடன்னு ஒப்பிக்கும். ஒப்பிச்சா வந்துருமா? எங்க ஊர்ல ரப்பர் வெட்டுக்கு கத்தி வாங்க மார்த்தாண்டம் போனா போதும், ஆனா பட்டைல எவ்வளவு ஆழம் போகணும், எங்க நிறுத்தணும்ங்கறது விடிகாலைல வெட்டுறவர் பக்கத்துல நின்னு "ஆழமா போகுது, மேல எடு"ன்னு திட்டு வாங்கினாத்தான் கைக்கு வரும், கொஞ்சம் தப்பினா மரமே புண்ணாயிரும்.

தொழில் பாக்குறவங்க கிட்ட கத்துக்குறது ஒண்ணும் இன்னைக்கு வந்த ஃபேஷன் இல்ல. அமெரிக்காவுல கால்ஆர்ட்ஸ்னு ஒரு காலேஜ், அங்க 1975ல கேரக்டர் அனிமேஷனுக்குன்னே தனி படிப்பு ஆரம்பிச்சப்ப வகுப்பெடுத்தது டிஸ்னில வேல பாத்த ஆளுங்க, அந்த ஆரம்ப வருஷங்கள்ல படிச்சவங்கள்ல பின்னால டாய் ஸ்டோரி எடுத்த ஜான் லாசெட்டரும் இன்க்ரெடிபிள்ஸ் எடுத்த பிராட் பேர்டும் உண்டு. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. 1956ல, நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த அதே வருஷம், பம்பாய்ல மத்திய அரசோட படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷன்ல கார்ட்டூன் யூனிட்டுக்கு சொல்லித்தர டிஸ்னில இருந்து கிளேர் வீக்ஸ்னு ஒரு அனிமேட்டர் வந்தாரு. அவர் கிட்ட பழகினவங்கள்ல ஒருத்தர்தான் ராம் மோகன், மெட்ராஸ் யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிச்ச மனுஷன், பின்னால இந்திய அனிமேஷனோட தந்தைன்னே அவர சொல்ற அளவுக்கு ஆனாரு, 2014ல பத்மஸ்ரீ வாங்கினாரு. வீக்ஸ் பாடம் நடத்திட்டு மட்டும் போகல, கூட இருந்து படம் எடுத்தாரு, 1957ல புத்தரோட முற்பிறவி பத்தின ஒரு ஜாதகக் கதைய கார்ட்டூனா கொண்டுவந்தாங்க. வேலையே பாடமா இருந்துச்சு.

அப்புறம் 2005ல பாபி பெக், ஷான் கெல்லி, கார்லோஸ் பேனான்னு மூணு பேரு, பிக்சார் மாதிரி ஐஎல்எம் மாதிரி பெரிய அமெரிக்க ஸ்டுடியோக்கள்ல வேல பாத்தவங்க, அனிமேஷன் மென்டார்னு ஒரு ஆன்லைன் ஸ்கூல் தொடங்கினாங்க. ஸ்டுடியோல வேலைல இருக்குற அனிமேட்டரே வாராவாரம் ஒவ்வொரு பிள்ளையோட ஷாட்டையும், அதாவது அவங்க செஞ்ச சில செகண்ட் காட்சியையும், பாத்து, ஃப்ரேம நிறுத்தி, மேலயே கோடு போட்டு காட்டுவாரு. அதப் பாத்து அதே மாதிரி இன்னும் பல ஸ்கூல் வந்தாச்சு. ஆனா ஃபீஸ் டாலர்ல, ஆயிரக்கணக்குல, அங்க சாயங்காலம்னா இங்க விடிகாலை, இங்கிலீஷ் வேற சரளமா புரியணும். நம்ம ஊர்ல எத்தன வீட்டுக்கு அது கட்டும்?

என் பையன் படிக்கிறது அவ்வளவு பெரிய இடத்துல இல்ல. திருவனந்தபுரத்துல ஒரு ஸ்டுடியோல வேல பாக்குற ஒரு சேட்டன், நாலஞ்சு பிள்ளைங்கள சேத்து ராத்திரி வேல முடிஞ்சு வந்து ஆன்லைன்ல எடுக்குறாரு. அவரு மலையாளத்துல சொல்லுவாரு, இவன் தமிழ்ல கேப்பான், ரெண்டு பேருக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல, எல்லைல இருக்குற நமக்கு இது ஒரு சவுகரியம். முதல்ல வாரக்கணக்குல வெறும் பந்து. பந்து துள்ளுது, அவ்வளவுதான் பாடம், எங்க வீட்டுக்காரர் எட்டிப்பாத்து இதுக்கா ஃபீஸுன்னு கேட்டாரு. ஆனா அதே உயரத்துல இருந்து விழுற ஒரே உருண்டைய டென்னிஸ் பந்தாவும் காட்டலாம், இரும்பு குண்டாவும் காட்டலாம், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் எவ்வளவு இடைவெளி விடுறோம், எத்தன வாட்டி துள்ள விடுறோம்ங்கறதுலதான் வித்தியாசமே. படம் வரையிற எனக்கே அது புதுசா இருந்துச்சு.

பந்து, வால், நடன்னு தாண்டி வந்ததுக்கப்புறம் ஒரு ஷாட், பாரம் தூக்கணும், அஞ்சு செகண்ட். என் பையன் எங்க தெருவுக்கு வர்ற மீன்கார அக்கா கிட்ட கேட்டு, அவங்க கடவத்த, அதாவது மீன் கூடைய, தலைல ஏத்துறத செல்போன்ல வீடியோ எடுத்தான். "என்னத்துக்கு மக்ளே, கல்யாண வீட்டுல ஓட்டுறதுக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு வாட்டி தூக்கி காட்டினாங்க. அத பாத்து இவன் செஞ்ச ஷாட்டு எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு, பொம்ம குனியுது, கடவத்த பிடிக்குது, தலைல வைக்குது, நல்லாத்தான இருக்குன்னேன்.

சேட்டன் மூணு வாட்டி ஓடவிட்டு பாத்தாரு, ஒண்ணும் பேசல. அப்புறம் நிறுத்தி, "மோனே, இதினு பாரம் எவிடே?"ன்னாரு, இதுல பாரம் எங்கன்னு. எது முதல்ல கிளம்புதுன்னு கேட்டாரு, இவன் கைன்னான். சரி, எந்திரிச்சு போய் உங்க வீட்டு கேஸ் சிலிண்டர தூக்கிப்பாருன்னாரு. ராத்திரி பத்து மணிக்கு இவன் அடுக்களைல நின்னு ஃபுல் சிலிண்டர தூக்குறான், நான் செல்போன பிடிச்சுக்கிட்டு நிக்கேன். பாத்தா கை அசையவே இல்ல சார், முதல்ல கால் அகலுது, இடுப்பு கீழ எறங்குது, மூச்ச பிடிக்கிறான், தோளு இறுகுது, கை வளைஞ்சிருந்தது நீண்டு கயிறு மாதிரி விறைக்குது, அப்பவும் சிலிண்டர் தரையிலதான் இருக்கு. அதுக்கப்புறம் இடுப்பு தள்ளின பெறகுதான் அது கிளம்புது. சேட்டன் சொன்னது இன்னும் காதுல இருக்கு, உடம்பு முழுக்க இழுபடும், சாமான் மட்டும் அசையாது, அந்த ஏழெட்டு ஃப்ரேம்லதான் பாரமே இருக்கு, நீ அத வெட்டிட்டுப் போயிட்ட அப்படின்னு.

அப்புறம் ஸ்க்ரீன்ல சிவப்புக் கோடு போட ஆரம்பிச்சாரு. ரெண்டு கையும் ஒரே ஃப்ரேம்ல கடவத்த தொடுது, மனுஷங்க யாரும் அப்படி தொடமாட்டாங்க, ஒரு கை முந்தும் ஒரு கை பிந்தும். கடவம் சும்மாட்டுல உக்காந்த உடனே எல்லாம் நின்னு போகுது, நிக்காது, கழுத்து கொஞ்சம் அமுங்கணும், முட்டி கொஞ்சம் மடங்கணும், அப்புறம்தான் நிமிரணும். அடுத்தது நட, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச நோட். சாதாரணமா நடக்கும்போது தல மேலயும் கீழயும் ஏறி எறங்கும், தலைல பாரம் இருக்குற அக்காவுக்கு தல ஒரே மட்டத்துல போகும், ஏத்தம் எறக்கம் எல்லாத்தையும் முட்டியும் இடுப்பும் வாங்கிக்கும், வீடியோவ திருப்பி போட்டு பாருன்னாரு. போட்டு பாத்தோம், அப்படியேதான் இருந்துச்சு. அந்த அக்காவ நான் வருஷக்கணக்கா தெனம் பாக்குறேன், ஸ்கூல்ல மனுஷ உருவம் வரைய சொல்லிக்கொடுக்குறேன், இத ஒரு நாளும் கவனிச்சதில்ல.

இந்த மாதிரி ஒரு திருத்தத்த எந்த யூட்யூப் வீடியோவும் தராது. வீடியோ பேசும், உங்க ஷாட்ட பாக்காது. வேலைல இருக்குறவங்க கண்ணு வேற, தினமும் அவங்க ஷாட்ட நாலு பேரு பாத்து நோட்ஸ் குடுக்குறாங்க, அடுத்த நாள் திருத்தி கொண்டு போகணும், டெய்லீஸ்னு சொல்லுவாங்க. அந்த பழக்கத்தையும் சேத்துதான் பிள்ளைங்களுக்கு குடுக்குறாங்க, நோட் வந்தா மல்லுக்கு நிக்காத, எழுதிக்கோ, முதல்ல முக்கியமான போஸ் மட்டும் வைக்கிற பிளாக்கிங்ல போஸ் சரியா இருக்கான்னு காட்டு, அத ஒத்துக்கிட்டதுக்கப்புறம் நடுவுல உள்ள அசைவ நிரப்புற ஸ்ப்லைனுக்கு போ, முதல்லயே வழவழன்னு ஆக்கினா பொம்ம தண்ணில மிதக்குற மாதிரி ஆயிரும். ஃபைலுக்கு பேரு வைக்கிறதுக்கு கூட திட்டு உண்டு, கடைசி, கடைசி2, உண்மையான கடைசின்னு வச்சா தூக்கி போட்டுருவாரு. ஷோரீல்ல நல்ல ஷாட் முதல்ல, சுமாரா இருக்குற எதையும் சேக்காத, நீளம் முக்கியம் இல்ல. பெரிய சினிமாவுக்கு வேல பாக்குற அனிமேட்டரே ஒரு வாரத்துக்கு சில செகண்ட்தான் முடிப்பாங்கன்னு தெரிஞ்சப்ப எங்க வீட்டுக்காரரும் அடங்கிட்டாரு.

அதுக்காக ஸ்டுடியோல வேல பாக்குற எல்லாரும் நல்ல வாத்தியார்னு சொல்ல வரல. நல்லா செய்வாங்க, ஏன் அப்படி செஞ்சோம்னு சொல்ல தெரியாது, அப்படியும் ஆளுங்க உண்டு. டெட்லைன் வந்தா அந்த வாரம் கிளாஸ் கோவிந்தா. இப்ப செய்ற ஷாட்ட காட்டுங்கன்னு கேட்டா காட்ட முடியாது, படம் வெளிவர்ற வர வெளில விடமாட்டோம்னு கையெழுத்து போட்டிருப்பாங்க. இன்னொரு கூத்து இருக்கு, சில காலேஜ்ல வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு பெரிய ஆள கூட்டிட்டு வந்து, பொன்னாடை போத்தி, ஒரு மணி நேரம் பேச விட்டு, போட்டோ எடுத்து பிராஸ்பெக்டஸ்ல போட்டுருவாங்க, எங்க ஃபேக்கல்ட்டின்னு. அவர் ஒரு பிள்ளையோட ஒரு ஃப்ரேம கூட பாத்திருக்கமாட்டாரு. நான் கேக்குறது அது இல்ல, வாராவாரம் பாக்குற கண்ணு.

சாஃப்ட்வேர் விலைய சாக்கு சொல்ற காலமும் போச்சு. பிளெண்டர்னு ஒரு அனிமேஷன் சாஃப்ட்வேர் இலவசம், லாட்வியான்னு ஒரு சின்ன நாட்டுக்காரங்க அதுலயே ஃப்ளோன்னு ஒரு படம் எடுத்து 2025ல ஆஸ்கர் வாங்கிட்டாங்க, பூனையும் மத்த மிருகங்களும்தான் படம் முழுக்க, ஒரு வார்த்த வசனம் கிடையாது, எல்லாம் உடம்பு அசைவுலயே சொன்னது.

வேல உறுதின்னு போடுற விளம்பரத்த பத்தியும் சொல்லணும். 2013ல லைஃப் ஆஃப் பைன்னு புலி வந்த அந்த பெரிய படத்துக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் வாங்கின ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி, பரிசு வாங்குறதுக்கு சில நாள் முன்னாடிதான் திவால்னு மனு போட்டிருந்துச்சு. 2025 பிப்ரவரில விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்கள் நடத்தின டெக்னிகலர் குழுமம் கவுந்து, பெங்களூர்ல மட்டும் ஆயிரக்கணக்கான பேருக்கு வேல போச்சு. அந்த வாரம் சேட்டன் கிளாஸ்ல பாடமே எடுக்கல, கூட படிச்சவங்க பல பேரு அங்க இருக்காங்கன்னு சொல்லி, மார்க்கெட் இப்படித்தான் இருக்கு, ஏஐ வேற வருது, யோசிச்சு படிங்க, வேற தொழிலும் ஒண்ணு கைல வச்சுக்கோங்கன்னு பிள்ளைங்க கிட்ட நேராவே பேசினாரு. எந்த சென்டர் நோட்டீஸ்ல அது வரும்? அங்க அப்பவும் நூறு சதவீத பிளேஸ்மென்ட்தான் ஓடிட்டு இருந்துச்சு. தொழில்ல இருக்குறவங்களுக்குத்தான் தொழில் படுறபாடும் தெரியும்.

இனி எங்க ஊரு விஷயம். களியக்காவிளைல இருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். துணி எடுக்க போறோம், ஆஸ்பத்திரிக்கு போறோம், சினிமாவுக்கும் போறோம். அங்க டெக்னோபார்க்ல டூன்ஸ்னு அனிமேஷன் கம்பெனி 1999ல இருந்து இருக்கு, தெனாலிராமன் கதைய டிவிக்கு கார்ட்டூனா செஞ்சவங்க அவங்கதான், விஜயநகரத்து தெனாலிராமன் உயிர் பெற்று வந்தது நம்ம பக்கத்து ஊர்லன்னு எங்க பிள்ளைங்களுக்கு தெரியவே தெரியாது. அங்கயும் மத்த ஸ்டுடியோலயும் வேல பாக்குறவங்கள்ல நம்ம மாவட்டத்து ஆளுங்களும் உண்டு, காலைல ரயில் ஏறி போயிட்டு ராத்திரி வர்றவங்க. இவங்கள்ல ஒருத்தர சனிக்கிழம தோறும் ரெண்டு மணி நேரம் வரவச்சு, மரியாதையான ஒரு சம்பளம் குடுத்து, பிள்ளைங்க ஷாட்ட பாக்க வைக்க இங்க இருக்குற ஒரு காலேஜுக்கு முடியாதா? நான் ஒரு இடத்துல கேட்டேன். அவருக்கு பிஜி இருக்கா, நெட் பரீட்ச எழுதியிருக்காரான்னு திருப்பி கேட்டாங்க. போதாததுக்கு அவர் கேரள சர்டிபிகேட் வச்சிருக்காரே, இங்க செல்லுமான்னு ஒரு சந்தேகம். ஷாட் செல்லுமான்னு யாரும் கேக்கல.

உங்க கிட்ட கேக்குறது ஒண்ணுதான். இனிமே அனிமேஷன் படிப்பு பத்தி பக்கம் போடும்போது ஒவ்வொரு சென்டர் கிட்டயும் கேட்டு ஒரு வரி சேத்துப் போடுங்க, இங்க பிள்ளைங்க ஷாட்ட வாராவாரம் பாக்குறது யாரு, அவர் கடைசியா எந்த படத்துல எந்த ஷாட் செஞ்சாரு. பதில் சொல்ற சென்டர் பேர பெருசா போடுங்க, சொல்லாதவங்களுக்கு அந்த இடத்த காலியா விடுங்க, பெத்தவங்க புரிஞ்சுக்குவாங்க. விளம்பரம் குடுக்குறவங்க கோவிப்பாங்கன்னு எனக்கும் தெரியும். கடிதம் நீளமா இருக்குன்னு வேற எத வேணாலும் வெட்டிக்கோங்க, அந்த கேள்விய மட்டும் வெட்டிராதீங்க. பேரு போட வேண்டாம், அந்த சென்டர் நான் தெனம் பஸ் ஏறுற ஸ்டாப்புக்கு எதிர்லதான் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு டிராயிங் டீச்சர்,
களியக்காவிளை.